முயலின் சான்றும் மீனின் சான்றும்

சென்ற பருவத்தின் இறுதியில் நம் கல்லூரிப் பேச்சு மன்றத்தில், ஆராய்ச்சியின் பொருட்டுப் பிராணிகளை வருத்துதல் அறவே ஒழிக்கத்தக்கது என்னும் பொருள்பற்றி ஒரு சொற்போர் நிகழ்ந்தது. இதனைப் படிப்போருட் பலர் அன்று அவையில் இருந்திருப்பர். யாம் அப்பொருளை உடன்பட்டுப் பேசினோம். கொல்லாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர் எமக்குத் துணையாயினார், கைதட்டலுக்கும் குறைவில்லை, முடிவில் எம் பக்கமே வென்றது. அவை கலைந்து விடுதிக்கு மீளுங்கால், எதிர்ப்பக்கத்திற் பேசிய விலங்கு நூல் மாணவராகிய எம் நண்பர் எம்மோடு நடந்து வந்தார். எம் பேச்சை அவர் பாராட்டவுமில்லை, பழிக்கவுமில்லை. சிறிது தூரம் சென்றபின், "ஐயா, ஒன்று வினவுவேன், விடை கூறும். காலராக் கிருமி கழிமுக நீரில் வாழ்வது. நீரில் வாழும் அது மனிதன் குடலில் ஏறிக் குடியிருப்பது எங்ஙனம்? இதனை ஒரு பிராணியையும் தொடாமல் அறிதற்கு வழி யாது?" என்றார். கொல்லாமை அதிகாரத்தில் இதற்கு விடை இல்லை. யாம் வாளா நடந்தோம்.

அவ்வினா எம்மை விடவில்லை. விடுமுறை முழுவதும் நண்பர் கொடுத்த நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் படித்தோம். விளங்காத இடங்களை அவரிடமே கேட்டுத் தெளிந்தோம். தொல்காப்பியச் சூத்திரங்களுக்கு உரை காண்பதில் யாம் பழகிய பொறுமை இவற்றைப் படித்தற்கும் பயன்பட்டது என்பதைத் தமிழ் மாணாக்கர்க்கு ஆறுதலாகக் கூறிவைக்கின்றோம். படித்ததன் பயனாக, அன்று அவையிற் பேசியவற்றுட் பாதியை இன்று மீட்டுக்கொள்கின்றோம்; மற்றைப் பாதியை முன்னினும் வலிதாகப் பற்றுகின்றோம். எப்பாதியை மீட்டோம், எப்பாதியைப் பற்றினோம் என்பதைக் கூறுதற்கே இதனை எழுதப் புகுந்தோம்.

முதற்கண் அக்கிருமியின் இயல்பை அறிதல் வேண்டும். காலராக் கிருமியை நாம் மனிதனுக்கென்றே பிறந்த பகைவனாக எண்ணிவிட்டோம். உண்மை அஃதன்று. அஃது ஒரு நீர்வாழ் உயிர். ஆறும் கடலும் கலக்குமிடத்து, உப்பு நீரும் நன்னீரும் விரவிய கழிகளில் அது வாழ்கின்றது. அந்நீரில் கோப்பெப்பாடு எனப்படும் ஓடுடைய சிற்றுயிர்கள் மிதக்கின்றன. இறாலும் நண்டும் இவற்றுக்குப் பெரிய உறவினர். கூர்ந்து நோக்கினாலன்றி இவை கண்ணுக்குப் புலப்படா. இவற்றின் ஓடு கைட்டின் என்னும் பொருளால் ஆயது. காலராக் கிருமி அவ்வோட்டைப் பற்றிக்கொண்டு, கைட்டினையே கரைத்து உண்டு வாழவல்லது. அமெரிக்காவின் செசப்பீக் வளைகுடாவில், காலரா நோயாளரே இல்லாத இடத்து நீரிலும் இக்கிருமி உண்டென்பதை ரீட்டா கால்வெல் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1970-களிற் கண்டனர். கிருமி சிற்றுயிரைப் பற்றி நிற்குமாயின், சிற்றுயிரை வடிகட்டினால் கிருமியும் பெரும்பாலும் நீங்கும் அன்றோ? வங்காள தேசத்து மத்லப் பகுதியிலுள்ள சிற்றூர்களில், பழஞ்சேலைத் துணியை நான்கு மடிப்பேனும் மடித்துக் குடத்தின் வாயில் இட்டு நீர் முகக்குமாறு பெண்களைப் பழக்கினர். காலரா நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது என 2003-இல் அறிவித்தனர். பதநீர் வடிகட்டும் துணிக்கு இத்துணை ஆற்றல் உண்டென்பது எமக்குப் புதிதாயிற்று.

இக்கிருமியில் 200-க்கு மேற்பட்ட வகைகள் உள. அவற்றுட் கொள்ளைநோயை விளைத்தவை ஓ-1, ஓ-139 என்னும் இரண்டே. ஏனையவை தம்பாட்டில் நீரிற் கிடக்கின்றன. அங்ஙனமாயின், நீரிற் கிடந்த ஒன்று மனிதன் வாயிற் புகுந்து, இரைப்பையின் புளிப்பைக் கடந்து, ஓயாது அசைந்து அனைத்தையும் கீழே தள்ளும் சிறுகுடலில் அடித்துச் செல்லப்படாமற் பற்றி நின்று, பெருகி, மீண்டும் நீருக்கே சென்று சேர்வது எவ்வாறு? குடலிற் குடியேறல் என்று ஆராய்ச்சியாளர் கூறுவது இதனையே. இவ்வினாவைப் பிராணிகளிடத்துக் கேட்டவர் வரலாறு நெடியது, பிழைகள் நிறைந்தது. அப்பிழைகளே எமக்குப் பெரிதும் கற்பித்தன.

ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1883-இல் காலராவைத் தேடி எகிப்துக்கும் பின்னர்க் கல்கத்தாவுக்கும் வந்தார். 1854-இலேயே இத்தாலியராகிய பசினி இக்கிருமியைக் கண்டு கூறியிருந்தும், அதனை உலகம் பொருட்படுத்தவில்லை. காக் நோயாளர் குடலிலிருந்து வளைந்த அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். வளர்த்ததனைப் பிராணிக்குக் கொடுத்து அந்நோயையே உண்டாக்கிக் காட்டினாலன்றி அவர் மனம் அமையாது. அதன்பொருட்டுச் சுண்டெலிகளைப் பெர்லினிலிருந்தே உடன் கொண்டு வந்திருந்தார். அவற்றுக்கும் பிறவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார். ஒன்றேனும் காலராவுற்றிலது. காலரா என்றும் நிலவும் வங்காளத்திலேயே, மனிதரோடு கூடி வாழும் பிராணிகள் அந்நோயை அடைவதில்லை என்பதை அவரே குறித்துள்ளார். பின்னர்ச் சீமைப் பெருச்சாளி எனப்படும் கினிப்பன்றிக்குச் சோடா உப்பு ஊட்டி இரைப்பைப் புளிப்பை மாற்றி, அபினால் குடலசைவை அடக்கி, அதன்பின் கிருமியை உள்ளே செலுத்தினார். அவை மாண்டன. சோடாவும் அபினும் இன்றி இயற்கையில் நோய் வருகின்றதே, இஃது அந்நோய்தானா என்னும் ஐயம் பலர்க்கு நீங்கவில்லை.

ஐயமுற்றாருள் ஒருவர் மியூனிக் நகரத்துப் பெட்டன்கோபர். கிருமி ஒன்று மட்டும் காலராவை விளைக்காது, நிலத்தின் இயல்பும் கூடவேண்டும் என்பது அவர் கொள்கை. 1892-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், தம் 73-ஆம் வயதில், கிருமி செழித்த நீரை அவர் தாமே பருகினார். பிராணியை விடுத்துத் தம்மையே சோதனைக்கு ஆளாக்கிய இம்முதியவரை முன்னரே அறிந்திருப்போமாயின், அன்றைய சொற்போரில் எடுத்துக்காட்டாகக் கொண்டு மேலும் கைதட்டல் பெற்றிருப்போம். அவர்க்குச் சிறு கழிச்சலே உண்டாயிற்று. தம் கொள்கை வென்றது எனக் கொண்டார். சில நாட்களில் தாமும் பருகிய அவர் மாணாக்கர் எம்மெரிக் அவரினும் மிகுதியாக வருந்தினார். பெட்டன்கோபர் கொண்ட முடிபோ பிழைபட்டது. மனிதனைப்பற்றி அறிய மனிதனே போதும் என்று அன்று யாம் பேசியது, இந்நிகழ்ச்சியைப் படித்தவுடன் எமக்கே கூசிற்று. ஒருவர் உடலில் ஒரு நாள் நிகழ்ந்ததைக்கொண்டு கிருமியின் இயல்பை உரைத்தல் இயலாது.

பாரிஸ் நகரில் மெச்னிகாப் வேறு வழியிற் சென்றார். வளர்ந்த முயல் ஏற்காத கிருமியைப் பால்குடி மாறாத முயற்குட்டி ஏற்கக் கண்டார். குட்டியின் குடலில் வேறு கிருமிகள் இன்னும் நிறையக் குடியேறியிருக்கவில்லை. இடம் வெறிதாய் இருந்தது. அவ்விடத்தில் முன்னரே இருக்கும் கிருமிகளுட் சில காலராவுக்குத் துணை செய்வன, சில தடை செய்வன என 1894-இல் அவர் எழுதினார். 1955-இல் ரால்ப் பிரெட்டர் என்பார், கினிப்பன்றியின் குடலிலுள்ள பழங்குடிக் கிருமிகளை ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் அடக்கியபின் காலராக் கிருமி அங்கே நிலைபெறுவதைக் காட்டினார். 2014-இல், வங்காள தேசத்து நோயாளர் குடலில் நோய் தணியுங்காலத்துப் பெருகும் ஒரு நற்கிருமியை, கிருமியறவே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுட் புகுத்தி, அது காலராவின் குடியேற்றத்தைத் தடுப்பதைக் கண்டனர். சுண்டெலி காலராவால் வாடுவதில்லை என்பதே காக்குக்குத் தோல்வியாயிற்று. அத்தோல்வியின் காரணத்தை வினவியபோது அதுவே விடையாயிற்று.

இனி, யாம் பெரிதும் விரும்பிப் படித்த பகுதிக்கு வருவாம். சம்புநாத் தே வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூரில் 1915-இல் பிறந்தார். கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, இலண்டனில் ஆராய்ச்சி முறை கற்று மீண்டார். அவர் காலத்திற் காலராவின் நஞ்சு உடல் முழுவதும் பரவிக் கொல்வது என்றும், கிருமி இறந்து சிதையும்போதே நஞ்சு வெளிப்படுவது என்றும் கருதியிருந்தனர். வளர்ந்த முயலுக்குக் கிருமியை ஊட்டினால் நோய் வருவதில்லை என்பதும் யாவரும் அறிந்ததே. தே பெரிய வினாவைச் சிறிதாக்கினார். முயலுக்குக் காலரா வருமா என்று அவர் கேட்கவில்லை; இக்கிருமி குடற்சுவரைத் தொட்டால் அங்கே யாது நிகழும் என்று மட்டும் கேட்டார். மயக்கிய முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுட் கிருமியைச் செலுத்தி, வயிற்றை மீளத் தைத்தார். மறுநாட் பார்க்க, கட்டிய பகுதி நோயாளர் கழிக்கும் அரிசி கழுநீர் போன்ற நீரால் விம்மிப் புடைத்திருந்தது. கிருமி செலுத்தப்படாத பகுதி சுருங்கியே கிடந்தது. இதனை 1953-இல் வெளியிட்டார். பின்னர்க் கிருமியை முற்றும் வடித்து நீக்கிய நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் விம்மிற்று. கிருமி உயிரோடிருந்தே புறத்து விடும் நஞ்சு ஒன்று உண்டு, அது குடற்சுவரிலேயே தொழில் செய்கின்றது என்பதை 1959-இல் உலகறியச் செய்தார்.

இவ்வளவும் எளிய கருவிகளைக்கொண்டு, முயலும் நூலும் ஊசியுமாகச் செய்யப்பட்டவை. இவற்றைச் செய்தவர்க்கு நம் நாடு தந்த சிறப்பு மிகச் சிறிது. 1978-இல் நோபல் நிறுவனத்தார் காலராவைப்பற்றி நடத்திய கருத்தரங்கிற்கு அவரை அழைத்தனர். 1985-இல் அவர் மறைந்தார். புலவர்களைப் போற்றாத நாடு என்று நாம் குறை கூறுவது வழக்கம். மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவ்வரிசையிற் சேர்வதை அறிந்து வருந்தினோம்.

ஈண்டு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. தேயின் முயல் கூறிய சான்று மெய். ஆயின் அது கூறியது நஞ்சைப்பற்றி மட்டுமே. இருபுறமும் கட்டிய குடலில் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாதவிடத்து எக்கிருமியும் அடித்துச் செல்லப்படுவதில்லை. இரைப்பையின் புளிப்பும் அங்கே இல்லை, ஏனெனின் ஊசி நேரே குடலுட் செலுத்தப்பட்டது. ஆதலின் குடியேறலைப்பற்றி அம்முயலிடம் வினவுதல், வாயிற் காவலனைக் கண்டிராத ஒருவனிடம் கள்வன் உட்புகுந்த வழியைக் கேட்பதை ஒக்கும். தே இதனை அறிந்தே தம் வினாவைக் குறுக்கினார். அவர் பெருமை அதிலேயே உளது என்பது எம் கருத்து.

குடியேறலை அறிதற்குப் பயன்பட்டவை பிறந்து ஐந்தாறு நாட்களே ஆன சுண்டெலிக் குட்டிகள். கிருமியை வாய்வழி ஊட்டி, ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, குடலில் எத்தனை கிருமிகள் நிலைத்தன என்று எண்ணுவர். ஏதேனும் ஒரு மரபணு நீக்கிய கிருமியையும் நீக்காத கிருமியையும் சம அளவிற் கலந்து ஊட்டினால், எது தங்கிற்று எது தோற்றது என்பதை ஒரே குட்டி கூறிவிடும். இம்முறையால் 1987-இல் ஓர் உண்மை வெளிப்பட்டது. கிருமியின் மேனியில் மயிரினும் மிக நுண்ணிய இழைகள் உள்ளன. அவற்றால் கிருமிகள் ஒன்றோடொன்று பின்னித் திரண்டு நிற்கின்றன. அவ்விழையை இழந்த கிருமி குட்டியின் குடலிற் குடியேறமாட்டாது. சுண்டெலிக் குட்டி கூறியது மனிதனுக்கும் பொருந்துமா? 1988-இல், தாமே முன்வந்த மனிதர்க்கு அவ்விழையற்ற கிருமியைக் கொடுத்துப் பார்த்தனர். மனிதர் குடலிலும் அது குடியேறவில்லை. குட்டியின் சான்று பொய்க்கவில்லை.

அவ்விழையின் கதை அத்துடன் முடியவில்லை. கிருமிகளையே பற்றும் வைரஸ்கள் உள. காலரா நஞ்சின் மரபணு உண்மையில் அக்கிருமிக்கு உரிய பழம்பொருளன்று. அதனைச் சுமந்து வருவது அத்தகைய ஒரு வைரஸே என்றும், அது கிருமியுட் புகுதற்குப் பற்றும் வாயில் இவ்விழையே என்றும் 1996-இல் வால்டர், மெக்காலனாஸ் என்னும் இருவர் காட்டினர். அவ்வைரஸ் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுதல், ஆய்வுக்கூடக் குடுவையிலும் சுண்டெலியின் குடலில் மிகுதியாக நிகழ்ந்தது. குடலில் தங்க உதவும் கையே நஞ்சை வாங்கும் கையுமாம். அன்றியும், அக்கிருமி நீரிற் கைட்டின்மேல் வாழுங்கால், அயற்கிருமிகளின் மரபணுக்களை உட்கொள்ளும் வன்மை பெறுகின்றது என 2005-இல் அறிந்தனர். ஆற்றிலும் குடலிலும் மாறி மாறி வாழ்ந்து, ஈரிடத்தும் பொருள் ஈட்டிக்கொள்ளும் உயிர் இது.

இஃது எங்கோ நிகழ்ந்த கதையன்று. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் சென்னையில்தான் ஓ-139 என்னும் புதுவகை முதன்முதற் காணப்பட்டது. அதுவரை அறியப்பட்டவை 138 வகைகள்; ஆதலின் அதற்கு அவ்வெண் வந்தது. பழைய ஓ-1 கிருமியே அயலிலிருந்து பெற்ற மரபணுக்களால் தன் மேலாடையை மாற்றி அணிந்து வந்திருந்தது. உள்ளே நஞ்சும் இழையும் பண்டு போலவே இருந்தன. ஆடை மாறியமையால் பழைய காலராவிற்குத் தப்பிப் பழகிய முதியவருடைய உடல்களும் அதனை அறிந்திலது. வளர்ந்தவர்களும் பெருந்தொகையாக நோயுற்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தார் மதிப்பின்படி இன்னும் ஆண்டுதோறும் 13 லட்சம் முதல் 40 லட்சம் மக்கள் வரை காலராவுறுகின்றனர். நீரில் இனி எவ்வாடை நெய்யப்படுகின்றது என்பதை அறியாதிருத்தல் அறமென்று எமக்குத் தோன்றவில்லை. யாம் மீட்டுக்கொண்ட பாதி இதுவே.

ஆயினும் சுண்டெலிக் குட்டியை முற்றும் நம்புதல் ஆகாது. அதன் குடலிற் பழங்குடிக் கிருமிகள் இன்னும் நிறையவில்லை. மனிதருள் நோயுறுவோர் அங்ஙனம் வெறுங்குடலினர் அல்லர். மனிதரைப்போல நீர் நீராகக் கழிதலும் அதனிடம் இல்லை. அக்குறையை நீக்க வேண்டி முயற்குட்டியை நாடினர். பம்பாயில் ஹாப்கின் நிலையத்தில் தத்தா, ஹப்பு என்னும் இருவர் 1955-இல் முயற்குட்டிகளில் காலராவை உண்டாக்கினர். 2010-இல் பாஸ்டன் நகரத்தார், புளிப்பைக் குறைக்கும் மருந்தை முன்னர் ஊட்டிவிட்டு வாய்வழியே கிருமியைக் கொடுத்து, மனிதரையொத்த கழிச்சலைக் கண்டனர். ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு வாயிலைத் திறந்துவிட்டே கிருமியை உள்ளே அனுப்புகின்றோம். சோடா, அபின், மருந்து, இளமை, நூற்கட்டு எனத் திறவுகோல்கள் பல. இவையின்றித் தானே கிருமியை ஏற்கும் உயிர் ஒன்று இல்லையா?

உண்டு. அது நம் நாட்டு மீன். வரிக்குதிரை போல உடலிற் கோடுகளையுடைய அச்சிறு மீனை வரிமீன் என்பாம். கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்கு வளர்ப்பதைப் பலரும் பார்த்திருப்பர். அது கங்கை, பிரமபுத்திரை நாடுகளின் ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழ்வது. பிரான்சிஸ் ஹாமில்டன் என்பார் கங்கை மீன்களைப்பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் அதனை முதன்முதல் விரித்துரைத்தார். காலராவின் தாயகமும் அவ்வங்காளமே! காக் கல்கத்தாவில் அமர்ந்து பெர்லின் சுண்டெலிகளுக்குக் கிருமியை ஊட்டிக்கொண்டிருந்த காலத்தில், அக்கிருமியை இயல்பாகவே ஏற்கவல்ல மீன் அந்நாட்டு வயல் நீரில் நீந்திக்கொண்டிருந்தது என்பதை எண்ணுந்தோறும் எமக்கு நகை வருகின்றது.

2014-இல் அமெரிக்காவிலுள்ள டெட்ராய்ட் நகரத்து வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தார், வளர்ந்த வரிமீன்கள் நீந்தும் நீரிற் காலராக் கிருமியை வெறுமனே கலந்துவிட்டனர். அறுவை இல்லை, புளிப்பை மாற்றும் மருந்து இல்லை, மீனின் பழங்குடிக் கிருமிகளும் அகற்றப்படவில்லை. கிருமி குடலிற் குடியேறிற்று. அம்மீன்கள் கழித்த நீரிலிருந்து, கிருமியே அறியாத வேறு மீன்களுக்கும் அது பரவிற்று. எம்மைத் திடுக்கிடச் செய்தது இனிக் கூறுவதே. மனிதனிடத்தும் சுண்டெலியிடத்தும் இன்றியமையாததென நாட்டப்பட்ட அவ்விழை மீனிடத்து வேண்டப்படவில்லை. நஞ்சும் வேண்டப்படவில்லை. இரண்டையும் இழந்த கிருமியும் மீனின் குடலிற் குடியேறிற்று. அஃதாவது, நீரில் வாழும் இவ்வுயிர் மனிதனைக் காண்பதற்கு முன்னரே குடல்களில் வாழக் கற்றிருக்கலாம். மனிதன் குடலுக்கு வேண்டிய கருவிகள் பின்னர் வந்தவை ஆகலாம். இவ்வையத்தைச் சுண்டெலி எழுப்பியிராது.

மீன்குஞ்சின் உடல் கண்ணாடி போன்றது. உயிரோடு இருக்கும்போதே குடலுள் நிகழ்வதைக் காணலாம். 2018-இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தார் அங்ஙனம் கண்டனர். மீன்குடலில் முன்னரே திரள் திரளாகக் குடியிருந்த ஏரோமோனாஸ் என்னும் கிருமியைப் பின்வந்த காலராக் கிருமி துரத்திற்று. ஈட்டி போலக் குத்தும் ஒரு கருவி அதனிடம் உண்டு. அதனாற் பகைவனைக் குத்திக் கொன்றது என்றே எவரும் கருதுவர். கண்டதோ வேறு. அக்கருவியின் ஒரு பகுதியால் மீனின் குடலே முன்னினும் வலிதாகச் சுருங்கி அசைந்தது. அவ்வசைவே பழங்குடியைப் புறந்தள்ளிற்று. அப்பகுதியை நீக்கியபோது குடல் அமைதியாயிற்று, பழங்குடியும் தங்கிற்று. வீட்டுக்காரனைக்கொண்டே பழைய குடித்தனக்காரனை வெளியேற்றும் சூழ்ச்சி இது!

மீனும் யாவும் அறிந்ததன்று. வரிமீனுக்கு இரைப்பை இல்லை. புளிப்பு வாயிலைப்பற்றி அதனிடம் வினவுதல் வீண். மனிதத் தொண்டர்க்குச் சோடாவுடன் கொடுத்தபோது பத்து லட்சம் கிருமிகளே நோய்க்குப் போதுமாயின. சோடாவின்றி அதனினும் பன்மடங்கு வேண்டியிருந்தது. இத்துணைப் பெரிய காவலைப்பற்றி மீனுக்கு ஒன்றும் தெரியாது. அதனை வளர்ப்பது ஏறக்குறைய 28 பாகை வெப்பமுள்ள நீரில். மனிதன் குடலோ 37. ஆதலின் முயலை விடுத்து மீனைப் பிடித்துக்கொண்டால் மனிதனைப்பற்றி யாவும் விளங்கிவிடும் என்பது பழைய பிழையைப் புதிய தொட்டியில் இடுவதாகும்.

எம் கருத்து இதுவே: பிராணியைக் குறுகிய வடிவிலுள்ள மனிதனாகக் கொள்ளுதல் பிழை. அது தான் கண்டதை மட்டும் கூறும் சான்றாளன். தேயின் முயல் நஞ்சைக் கண்டது. சுண்டெலிக் குட்டி இழையைக் கண்டது. வரிமீன் குடியேற்றத்தின் பழமையைக் கண்டது. காணாததைக் கேட்டால் அது பொய் கூறும், அல்லது வாளா மடியும். காக்கின் கினிப்பன்றிகள் பட்ட துன்பம் பெரிது. அவற்றால் ஐயம் தீரவில்லை. தே வினாவைச் சுருக்கியதனால் முயல்கள் மாண்டும் அவை பயனின்றி மாளவில்லை. அறிவிற் பிழையும் அறத்திற் பிழையும் ஈண்டு ஒன்றே ஆகின்றன. பொருந்தா வினாவைக் கேட்டு ஒரு பிராணியை வருத்துதலினும் கொடிது யாம் அறியோம். ஆய்வுக்கூடங்களில், இப்பிராணியைக் கேட்பது ஏன், அது கூற இயலாதது யாது என்று முதலில் இரண்டு வரி எழுதிவைக்குமாறு கேட்பது மிகையாகாது.

யாம் விடாது பற்றும் பாதி ஒன்று உண்டென்றோம். விடை கிடைத்த வினாவை மீண்டும் பிராணியிடம் கேட்டல் ஆகாது என்பதே அது. ஒரு கிருமி நஞ்சு விடுகின்றதா என்று அறிய இன்று முயலின் வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை. கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களே 1970-கள் முதல் அதனைக் கூறிவருகின்றன. தேயின் பெருமையைப் போற்றுதற்கு அவர் செய்த அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருத்தல் வழியன்று. அவர் நஞ்சைப்பற்றி எழுதிய அதே 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில நாட்டார் இருவர், பிராணிக்கு மாற்று இருப்பின் மாற்றைக் கொள்க, இல்லையேல் எண்ணைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என்று ஒரு நூல் செய்தனர். முயலிலிருந்து மீனுக்குச் சென்றமையாலேயே அருள் செய்துவிட்டோம் என எண்ணற்க; மீன் கூக்குரல் இடுவதில்லை என்பது அதற்கு நோவில்லை என்பதாகாது.

வரும் பருவத்தில் அப்பொருளையே மீண்டும் எடுக்குமாறு மன்றக் காரியதரிசியை வேண்டியுள்ளோம். 'அறவே' என்னும் சொல்லை நீக்கி, 'விடை கண்ட வினாவிற்கும் பிராணி அறியாத வினாவிற்கும்' என்னும் தொடரை அவ்விடத்திற் சேர்க்குமாறு எழுதிக் கொடுத்தோம். காரியதரிசி, சொற்போர்ப் பொருள் இத்துணை நீண்டால் அறிவிப்புப் பலகையில் இடம் போதாது என்கின்றார். நண்பரோ இம்முறையும் எதிர்ப்பக்கத்திலேயே அமரப்போவதாகக் கூறுகின்றார். வரிமீனை யாம் அளவு கடந்து புகழ்ந்துவிட்டோம் என்பது அவர் குறை.